அடகு வைக்க முடியாத தங்கம்

ஏப்ரல் 15 வந்தால் காசிமேட்டில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு விடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்னால் அது 45 நாள். நாள் கணக்குதான் மாறியது. அந்த மாதங்களில் ராயபுரத்து அடகுக் கடைகளில் கூட்டம் சேர்வது மாறவில்லை.

சின்ன வயதில் என் ஆயாவோடு அப்படி ஒரு கடைக்குப் போயிருக்கிறேன். ஆயா செயினைக் கழற்றிக் கொடுத்தது. கடைக்காரர் அதை உரைகல்லில் தேய்த்தார், ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்த்தார், தராசில் வைத்தார். செயினில் இடையிடையே சிவப்பு மணிகள் கோத்திருந்தன. "மணியெல்லாம் கழிச்சுதாம்மா எடை" என்றார். ஆயா தலையாட்டியது. அதன் கழுத்தில் இன்னொரு சரமும் இருந்தது. திருவொற்றியூர் கோயில் திருவிழாவில் வாங்கிய, பொன்னிறம் மின்னும் கண்ணாடி மணிச் சரம். கடைக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும், அதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"இத்த எவனும் அடகு புடிக்க மாட்டான்டா. அதான் எங்கூடவே கீது."

கைவினைப் பொருளைப் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் இதுதான். இப்போது கண்ணாடி மணியில் தங்க ரேக்கு ஒட்டும் வேலையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அந்த வேலைகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், ஆயா சொன்னதை வைத்துத்தான் அளக்கிறேன்.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்த்துவிடலாம். கண்ணாடிக் கம்பியைச் சுடரில் உருக்கி, ஒட்டாமலிருக்கப் பூச்சு பூசிய மெல்லிய இரும்புக் கம்பியில் சுற்றுவார்கள். கம்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் உருகிய கண்ணாடி தானாகவே உருண்டையாகும். வெனிஸில் ஒரு காலத்தில் எண்ணெய் விளக்குச் சுடரில் இதைச் செய்தார்கள். இன்று கேஸ் பர்னர். மணி செந்தணலாக இருக்கும்போது அதைத் தங்க ரேக்கின் மேல் உருட்டினால் ரேக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்லும்போது சுலபம். ரேக்கு மூச்சு பட்டாலே பறந்துவிடும், விரல் பட்டால் விரலோடு வந்துவிடும். ஒட்டிய பிறகு சுடரில் நேராகக் காட்டினால் சுருங்கி, கருகினாற்போல் மறைந்துபோகும். அதனால் சுடரின் ஓரத்தில் வைத்து, அதன் மேல் நிறமில்லாத கண்ணாடியை ஒரு போர்வை போலப் போர்த்த வேண்டும். கடைசியில் சுமார் 500 டிகிரி சூட்டிலிருந்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் மறுநாள் மணி விரிந்து கிடக்கும்.

இதில் எவ்வளவு தங்கம் செலவாகிறது? ரேக்கின் தடிமன் ஏறக்குறைய 0.1 மைக்ரான். ஒரு கிராம் தங்கத்தை அந்த அளவுக்குத் தட்டினால் அரை சதுர மீட்டர் வரும். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மணியின் மேற்பரப்பு சுமார் மூன்று சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு சவரனில், அதாவது எட்டு கிராமில், ஏறத்தாழ 13,000 மணிகளுக்குத் தங்கம் பூசலாம். ராயபுரத்துத் தராசு இதில் ஒரு மணியை எப்படி எடை போடும்? உரைகல்லில் தேய்த்தால் கண்ணாடிதான் தேயும். ஆசிட் உள்ளே போகாது. கண்ணாடிக்குள் போன கணமே தங்கம் சந்தையை விட்டு வெளியேறிவிடுகிறது. பார்க்க மட்டும்தான் முடியும்.

இங்கிருந்துதான் என் புகார் தொடங்குகிறது. இன்று இன்ஸ்டாகிராமில் விற்கும் கைவினை மணிகளில் கணிசமானவற்றில் ரேக்கு வெளியே ஒட்டியிருக்கிறது. கண்ணாடிப் போர்வை இல்லை. '24 காரட்' என்ற அறிவிப்பு மட்டும் தவறாமல் இருக்கிறது. வெளியே ஒட்டிய ரேக்கு கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்வதில்லை. வியர்வையும் உரசலும் சேர்ந்தால் நாளடைவில் போய்விடும். அது போவதுகூடப் பெரிய குறையில்லை. அந்த மணியில் தங்கம் விலைச்சீட்டாக இருக்கிறது, அதுதான் குறை. அடகுக் கடைக்காரரின் பார்வையைக் கைவினைஞரே தன் வேலைக்குள் கொண்டுவந்து விடுகிறார்.

உடனே தஞ்சாவூர் ஓவியத்தைச் சொல்வீர்கள். அங்கேயும் ரேக்கு வெளியேதானே இருக்கிறது, கண்ணாடிக் கற்கள்கூட இருக்கின்றனவே? இருக்கின்றன. ஆனால் அங்கே ரேக்கு மக்கினால் எழுப்பிய மேடுபள்ளத்தில் ஏறி இறங்குகிறது. எண்ணெய் விளக்கு அசைந்தால் தங்கமும் அசையும். பூஜையறையின் அரையிருட்டில் கண்ணனின் மார்பு மூச்சு விடுவது போலத் தெரியும். அங்கே தங்கத்துக்கு ஒரு வேலை உண்டு. அதே ஓவியத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் வரவேற்பறைச் சுவரில் மாட்டினால், அங்கேயும் அது விலைச்சீட்டாகிவிடுகிறது.

மணிக்குள் தங்கம் செய்யும் வேலை வேறு. ரேக்கு ஒட்டிய மணியை மேலும் கண்ணாடி சேர்த்துப் பெரிதாக்கினால், அடியிலுள்ள கண்ணாடி இழுபடும், அவ்வளவு மெல்லிய தங்கம் அதோடு நீளாது. ரேக்கு வெடித்து, வறண்ட ஏரி மண் போலப் பிளக்கும். பிளவுகளில் அடிக்கண்ணாடியின் நீலமோ கருப்போ தெரியும். நல்ல மணி என்று நான் சொல்வது இதைத்தான். தன்னிடம் தங்கம் எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறது என்பதை அது மறைப்பதில்லை, அந்தப் போதாமையையே வடிவமாக்கிவிடுகிறது.

இந்தக் கலை நம் கரைக்குச் சொந்தமா? நேராக இல்லை. அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்ததிலிருந்து உலகம் பேசும் சின்னஞ்சிறு மணிகள் பெரும்பாலும் சுடரில் செய்தவை அல்ல. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கியவை. பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற ஆய்வாளர் அவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். அந்த முறை நம் காலம் வரை உயிரோடிருந்த இடம் திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள பாப்பநாயுடுபேட்டை. தங்கத்தை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைக்கும் வித்தை மத்தியதரைக்கடல் பக்கத்தில் பழையது. கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் ஹெலனியக் காலத்துப் பட்டறையிலேயே அது நடந்திருக்கிறது.

அந்த வித்தையோடு கூடவே இன்னொன்றும் பிறந்தது. தங்கத்துக்குப் பதில் வெள்ளித் தகடு, மேலே தேன் நிறக் கண்ணாடி. பார்த்தால் தங்கம். ஆய்வாளர்கள் இதைப் 'போலித் தங்கக் கண்ணாடி' என்ற தலைப்பில் வகைப்படுத்துகிறார்கள். இன்று பாரிமுனை மொத்தக் கடைகளில் 'ஃபாயில் மணி' என்று கிடைப்பது அநேகமாக இந்தக் குடும்பம்தான்.

ஆயாவின் சரமும் அதுதான். ஒருநாள் நூல் அறுந்து மணிகள் சிதறின, ஒன்று தரையில் பட்டு உடைந்தது. உள்ளே வெள்ளையாக மின்னியது. மஞ்சள் முழுக்கக் கண்ணாடியுடையது. நான் ஏமாந்துபோனேன். ஆயா மிச்ச மணிகளைப் பொறுக்கி மறுபடி கோத்துக்கொண்டது.

சிலப்பதிகாரத்தில் சிலம்பு உடைகிறது. உள்ளே மாணிக்கமா முத்தா என்பதில் ஒரு அரசே கவிழ்கிறது. நம் இலக்கிய மனம் அப்படிப் பழகியது: உடைத்தால் உண்மை வெளிவரும், உள்ளே இருப்பதே மெய். ஆயாவின் மணி உடைந்தபோது எதுவும் கவிழவில்லை. அது ஒருநாளும் தன்னைத் தங்கம் என்று சொல்லி யாரிடமும் கடன் கேட்டதில்லை. வாக்குக் கொடுத்திருந்தால்தானே போலி? சிதம்பரம் கவரிங் நகைமேல்கூட அந்தக் குற்றத்தைச் சுமத்தலாம், கல்யாண வீட்டில் அது நாலு பேர் கண்ணுக்குத் தங்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வாங்குகிறோம். திருவிழாக் கடை மணி அந்தப் போட்டியிலேயே இல்லை. அதனால் 'போலி' என்ற அந்தத் தலைப்பு, வகைப்படுத்த உதவினாலும், மதிப்பீடாக எனக்கு உடன்பாடில்லை. தேன் நிறக் கண்ணாடிக்கு அடியில் வெள்ளியைப் பொன்னாக்கத் தெரிந்தவர் ரேக்கு ஒட்டுபவருக்கு எந்த விதத்தில் குறைந்தவர்?

இப்படிப் பேசுவதில் ஒரு ஆபத்து இருப்பது எனக்குத் தெரியும். வறுமையை அழகாக்குவது சுலபம். ஆயாவுக்கு வேண்டியது மணி இல்லை, மீட்ட செயின். தடைக்காலத்தில் அரிசி வாங்கியதும், ஜூன் மாதம் என் ஸ்கூல் ஃபீஸைக் கட்டியதும் சவரன்தான். கண்ணாடி மணி அரை கிலோ நெத்திலிகூட வாங்கித் தராது. இதை மறந்துவிட்டு மணியைக் கொண்டாடினால் அது படித்தவனின் சொகுசு.

ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. அந்தச் செயினை ஆயா அழகுக்காகப் போட்டதே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கழுத்தில் கிடந்த நாட்களிலும் அது அடுத்த ஏப்ரலுக்கான சேமிப்பு. எவ்வளவு வருமென்று மனசுக்குள் எப்போதும் ஒரு எடை ஓடிக்கொண்டிருக்கும். மணிச் சரம் மட்டும்தான் அது தனக்கென்று, பார்க்க நன்றாக இருக்கிறது என்று வாங்கியது. கலைப்பொருள் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கண்ணாடி மணியில் தங்கம் ஒட்டுகிறவர்களிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். காரட் எவ்வளவு என்று எழுதாதீர்கள். போர்வையை ஒழுங்காகப் போர்த்துங்கள். வாங்கியவர் எந்த ஏப்ரலிலும் அதைக் கழற்றாமலிருக்கட்டும்.