மாத்தளையின் இடியன் துவக்கு: கலையும் கேடும்

குழலின் வாய்வழியே மருந்தும் சன்னமும் நிரப்பி, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடப்படுவது இடியன் துவக்கு. அதன் பழைய வடிவத்தில் தீ மூட்டுவது கல். விசையை இழுத்ததும் குதிரையில் பொருத்திய தீக்கல் எஃகுத் தகட்டில் மோதிப் பொறி பறக்கும். கிண்ணத்திலுள்ள மருந்து பற்றி, அந்தத் தீ சிறு துளை வழியே குழலுக்குள் பாயும். கண்டி இராச்சியக் காலம் முதல் மாத்தளைப் பகுதி அறிந்த ஆயுதம் இது. அதை மதிப்பிடும்போது செய்த கலையை வேறாகவும் பயன்படுத்தும் முறையை வேறாகவும் பார்க்க வேண்டும். கலை மிக உயர்ந்தது. இன்றைய பயன்பாடு பெரும்பாலும் கேடானது.

போர்த்துக்கேயர் 1505 அளவில் இலங்கைக்கு வந்தனர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உள்ளூர்க் கொல்லர் துவக்குக் குழல் செய்வதில் பெயர் பெற்றுவிட்டனர். வெள்ளிபோல் மின்னும் அக்குழல்களை லின்சோட்டன் என்ற டச்சுப் பயணி தம் நூலில் வியந்து எழுதினார். கண்டித் துவக்கில் தீ மூட்டும் பொறியான பூட்டு போர்த்துக்கேயரின் பழைய தீக்கல் பூட்டை ஒட்டியது. ஆனால் அதைப் பல துவக்குகளில் இடப்பக்கத்தில் பொருத்தினர். தோளில் அணையும் கட்டையின் அடியை இரண்டாகப் பிளந்து சுருளாக வளைத்தனர். தந்தமும் வெள்ளியும் பதித்தனர். அந்நியரிடமிருந்து வந்த பொறியை முழுதும் தமதாக்கிக்கொண்ட கைகளின் வேலை அது. இரும்பு வேலைக்காரர், தச்சர், தந்தம் செதுக்குவோர் எனப் பலர் சேர்ந்தால்தான் ஒரு துவக்கு உருவாகும். அரசுக்குப் பணிசெய்யும் கைவினைஞரைக் கண்டி மன்னர்கள் தனித் துறையாக அமைத்திருந்ததால் இந்த ஒருங்கிணைப்பு கைகூடியது.

1765இல் டச்சுப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற பொருள்களில் இரண்டு பெரிய துவக்குகளும், பொன்னும் வெள்ளியும் மணிகளும் பதித்த லெவ்கே பீரங்கியும் இருந்தன. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அவை 2023இல் இலங்கைக்குத் திரும்பின. இந்தக் கலையின் தரத்தை நேரில் காண விரும்புவோர் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.

மருந்தும் உள்ளூரிலேயே உருவானது. மாத்தளை, கண்டி மாவட்டங்களுக்கு இடையே கிடக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் நைட்டர் கேவ் என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. வெடியுப்பு எடுக்கப்பட்ட குகையின் நினைவு அது. படை மருத்துவரான ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் இத்தகைய குகை வேலையை விவரித்திருக்கிறார். உப்புப் படிந்த பாறையைக் கொத்தி இடித்து, மரச்சாம்பலுடன் கலந்து, நீர்விட்டு வடித்துக் காய்ச்சி உப்பெடுத்தனர். வேதியியல் நூல் எதுவும் இல்லாத மலைவாழ் மக்கள், வௌவால் எச்சம் ஊறிய குகைப் பாறையிலிருந்து ஓர் அரசின் பாதுகாப்புக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்தது சிறிய சாதனையல்ல.

ஆனால் கரிமருந்துக்கு இயல்பான குறைகள் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சும். மாத்தளை மலைச்சரிவின் மழையில் கிண்ணத்து மருந்து நனைந்தால் துவக்கு வெறும் தடிதான். எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் திண்மக் கசடாகக் குழலில் படியும். அந்தக் கசடும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஆகவே சுட்ட நாளிலேயே வெந்நீரால் கழுவி, துடைத்து உலர்த்தி, எண்ணெய் பூசியாக வேண்டும். தீக்கல்லின் முனை மழுங்கினால் மாற்ற வேண்டும். பழுதை ஊர்க் கொல்லனே நீக்கிவிடுவான். தோட்டாவுக்குக் கடையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. இந்தச் சுயசார்புதான் இதன் பெரிய பலம். பெரிய அபாயமும் அதிலிருந்தே பிறக்கிறது. பிரித்தானியாவில் 1813இல் பர்மிங்காமில் சோதனைக்கூடம் அமைத்து, ஒவ்வொரு குழலையும் மிகை மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரையிட்டனர். கிராமத்தில் திருட்டுத்தனமாகச் செய்யும் குழலுக்கு அப்படி ஒரு சோதனை கிடையாது. அது வெடித்தால் சிதைவது சுடுபவரின் கையும் கண்ணும்தான்.

போர்க்களத்தில் இதன் எல்லையை 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சி காட்டியது. பிரித்தானிய ஆளுநர் டொரிங்டன் விதித்த புதிய வரிகளில் துவக்கு உரிமத்துக்கான கட்டணமும் ஒன்று. பயிர் காக்கும் கருவிக்கு வரியா என்ற கொதிப்பு கிளர்ச்சியின் காரணங்களில் சேர்ந்தது. அந்த யூலையில் தம்புள்ளை விகாரையில் கிளர்ச்சியாளரின் மன்னராகக் கொங்காலேகொட பண்டா முடிசூடினார். புரன் அப்பு தலைமையில் மக்கள் மாத்தளை நகருக்குள் நுழைந்தனர். வாரியபொல தோட்டத்தருகே பயிற்சி பெற்ற பிரித்தானியப் படை எதிர்ப்பட்டதும் அவர்கள் சிதறடிக்கப்பட்டனர். வீரத்தில் குறையில்லை. ஆனால் ஐம்பது, அறுபது மீற்றருக்கு அப்பால் குறி தவறும், ஒவ்வொரு வெடிக்கும் மீண்டும் இடித்து நிரப்ப வேண்டிய துவக்குகளால் ஒழுங்குபட்ட அணியை எதிர்கொள்ள இயலவில்லை. ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று இடியனின் வாரிசாக ஊர்ப்புறத்தில் உலவுவது கட்டுத்துவக்கு. சேனைப் பயிரின் ஓரத்திலும் காட்டு வழியிலும் இரும்புக் குழலைத் தாழக் கட்டி, குறுக்கே கம்பியிழுத்து வைக்கிறார்கள். பன்றிக்கென்று வைத்தாலும் கம்பியில் இடறுவது யாரென்று அது பார்ப்பதில்லை. விறகுக்குப் போகும் பெண்ணின் முழங்காலையும், தண்ணீர் தேடி வரும் யானையின் காலையும் ஒன்றுபோலவே சிதைக்கும். காலில் சன்னம் பாய்ந்த யானை உடனே சாவதில்லை. புண் அழுகி, நடக்க முடியாமல், நாட்கணக்கில் வாடிச் சாகிறது. தம்புள்ளை, கலேவெல, வில்கமுவ, லக்கலைப் பக்கங்களில் ஓர் இரவில் முழுப் போகத்தையும் இழக்கும் விவசாயியின் துயரம் உண்மையானது. அதைப் புறந்தள்ளிப் பேசுவது அநீதி. ஆயினும் ஆளில்லாமல் வெடிக்கும் ஆயுதத்துக்கு எந்த நியாயமும் இல்லை. பழைய இடியனில் சுடுபவர் இலக்கைப் பார்த்தார், பொறுப்பை ஏற்றார். கட்டுத்துவக்கில் பார்ப்பவரும் இல்லை, பொறுப்பவரும் இல்லை.

சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தில் நிற்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமத்தை மாவட்டச் செயலாளர் வழங்குவார். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டுப்பாடு தேவையானதுதான். ஆனால் கைவினையைக் கைவினையாகக் காக்க அது வழி திறக்கவில்லை. கர்நாடகத்தின் குடகில் கொடவர்கள் ஆயுதச் சட்ட விலக்கின் கீழ் துவக்கு வைத்திருந்து, கைல்போல்து திருநாளில் அதற்குப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். மேலைநாடுகளில் வாய்வழி நிரப்பும் துவக்குகளுக்கு 1971 முதல் சர்வதேசக் கூட்டமைப்பே இயங்கி, கடும் பாதுகாப்பு விதிகளுடன் இலக்குச் சுடும் போட்டி நடத்துகிறது. காட்டு எல்லையும் வயல் எல்லையும் பின்னிக் கிடக்கும் மாத்தளைக்கு இவ்விரு வழிகளும் ஒத்துவரா. இங்கே துவக்குகள் பெருகினால் குறி காட்டு உயிர்களின் பக்கமே திரும்பும்.

மாத்தளைக்குப் பொருந்துவது வேறு வழி. எஞ்சிய மூத்த கொல்லரிடமும் தச்சரிடமும் உள்ள பூட்டு வேலை, கட்டை வேலை நுட்பங்களைப் பதிவுசெய்ய வேண்டும். சுட முடியாதபடி குழல் அடைத்த மாதிரிகளைச் செய்ய அவர்களுக்கு உரிமம் தரவேண்டும். 1848ஐ நினைவுகூரும் மாவட்டத்தில் அவற்றுக்கு ஒரு காட்சிக்கூடம் அமைய வேண்டும். கட்டுத்துவக்கைக் கையளிப்பவருக்குப் பொது மன்னிப்பும், பயிர்ச் சேதத்துக்குத் தாமதமில்லாத இழப்பீடும், ஊரார் பராமரிக்கும் மின்வேலியும் சேர்ந்து வந்தாலொழியச் சேனை ஓரத்துக் கம்பிகள் அவிழப் போவதில்லை.