ஒரு குடமிளகாயும் மூன்று வில்லைகளும்

பெரிய நெகற்றிவ் கமெராவுக்குப் பழைய வில்லை தேடுகிறவர்கள் முதலிற் கேட்பது, எது கூர்மையானது என்பதைத்தான். அசையாப் பொருட்களைப் படமெடுப்பவருக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் வீண் என்பதே எங்கள் கட்சி.

மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபடும். கோயர்ஸின் டாகோர், 1892. ஃபொய்க்ட்லெண்டரின் ஹெலியார், 1900. சைஸின் தெஸ்ஸார், 1902. டாகோரின் ஆறு கண்ணாடிகளும் மும்மூன்றாக ஒட்டப்பட்டவை. காற்றைத் தொடும் முகங்கள் நான்கு மட்டுமே. மற்ற இரண்டிலும் ஆறு. பூச்சு இல்லாத அந்தக் காலத்து வில்லைகளில் ஒவ்வொரு முகமும் கொஞ்சம் ஒளியைத் திருப்பியடித்து நிழலை வெளுக்கச் செய்யும். ஆகவே டாகோரின் கறுப்பு சற்று ஆழமானது. ஹெலியாரைத் திறந்துவைத்து எடுத்தால் குவியத்துக்கு வெளியே போகும் விளிம்புகள் மெல்லக் கரையும் என்பார்கள். இவையெல்லாம் மெய்தான். ஆனால் மேசையில் ஒரு காயை வைத்து அதன் உண்மை அளவிலேயே எடுக்கப் போனால், பெல்லோஸைக் குவியத்தூரத்தின் இரு மடங்குக்கு நீட்டவேண்டும். ஒளி நாலில் ஒன்றாகும். தெளிவின் ஆழம் மயிரிழையாகும். வேறு வழியின்றித் துவாரத்தை 45க்கோ 64க்கோ சுருக்குவோம். அங்கே ஒளியின் கோணல் வந்து எல்லா வில்லைகளையும் ஏறக்குறைய ஒரே தரத்துக்கு இறக்கிவிடும். (பௌதிகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த எங்களுக்கு அந்தப் படிப்பு பயன்பட்ட ஒரே இடம் இது.)

எட்வேர்ட் வெஸ்ரனின் 'மிளகாய் இல. 30' 1930 ஓகஸ்டில், 8க்கு 10 அங்குல நெகற்றிவில் எடுக்கப்பட்டது. குடமிளகாயைத் தகரப் புனலொன்றின் வாய்க்குள் வைத்தார். ஒளி வளைந்து வந்து அதன் பக்கங்களை வருடியது. உணவகச் சமையலறையில் பெட்டி பெட்டியாகக் குடமிளகாய் வெட்டுகிற எங்கள் கண்ணுக்கு அதில் முதலிற் படுவது புனலின் வேலை, வில்லையின் வேலையல்ல. மிளகாய் ஒரு முதுகாகவும் தோளாகவும் ஆகிவிடுகிறது. எல்லோரும் புகழ்வது இதைத்தான். எங்களுக்கோ இதுவே குறை. மிளகாய் மிளகாயாய் இருந்தால் என்ன?

எதிர்முனையில் நிற்பது இமகோன். ஆஸ்திரியாவில் வாழ்ந்து 1944இல் இறந்த ஹைன்ரிச் கியூனின் எண்ணத்தில் உருவாகி, 1930களின் தொடக்கத்தில் ரோடன்ஸ்ரொக்கினால் விற்பனைக்கு விடப்பட்டது. இரண்டே கண்ணாடிகள். முன்னால் வடிதட்டுப்போலத் துளையிட்ட ஒரு தகடு. நடுத்துளை உறுதியான உருவத்தைத் தரும். சுற்றியுள்ள சிறு துளைகள் அதன்மேல் ஒரு மங்கல் ஒளியைப் பூசும். இதை 64க்குச் சுருக்கினால் இமகோன் இமகோனாயிராது. எனவே, சுருக்கியபின் ஒன்றாகிப்போகிற மற்ற வில்லைகளிலிருந்து உண்மையில் வேறுபட்டது இதுதான். பித்தளைச் செம்பொன்றை இதன் முன் வையுங்கள். நெளிவும் களிம்பும் மறைந்து விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும்.

இந்த ஒளிவட்டம் எங்களுக்குப் புதிதல்ல. புலம்பெயர் சஞ்சிகைகளில் நாங்கள் எழுதிவரும் கிணற்றடியும் பனங்கூடலும் அம்மாவின் அடுப்பும் இமகோனால் எடுத்தவை போலத்தான் இருக்கின்றன. அந்தக் கிணற்றில் யாரை அள்ள விடவில்லை என்பது அந்த ஒளியில் தெரிவதில்லை. ஊரை இழந்தவனுக்கு இந்த மென்மை ஆறுதல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆறுதலை விமர்சனமின்றி அச்சேற்றுவதை எத்தனை இதழ்களுக்குப் பொறுப்பது?

பிராக் நகரத்து யோசெப் சூடெக் முதலாம் உலகப்போரில் வலது கையை இழந்தவர். 1940இலிருந்து பெருப்பித்து அச்சிடுவதைக் கைவிட்டு, நெகற்றிவைத் தாளோடு ஒட்டிவைத்து அதே அளவில் அச்சிட்டார். ஒரு முட்டை, ஒரு குவளைத் தண்ணீர், ஒரு துண்டுப் பாண். யன்னலால் வருகிற வெளிச்சம் போதும் அவருக்கு. நிழல்கள் கனத்தவை, ஆனால் பாணை அவை வேறொன்றாக மாற்றுவதில்லை, மினுக்குவதுமில்லை. காய்ந்துபோன பாண், அவ்வளவுதான். பல அச்சுகள் உள்ளங்கையிலும் சற்றே பெரியவை. மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போய்த்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.