தலைமழையும் தலைவனும்

கெலவரப்பள்ளி அணையின் மதகு திறந்தால், ஓசூரில் ஒரு துளி விழாத நாளிலும், கரையோர விவசாயிகளுக்குச் சேதி தெரிந்துவிடும். தண்ணீர் செம்மண் கரைந்து வந்தால் நந்தி மலைப் பக்கம் மழை. மதகுக்குக் கீழே வெள்ளை நுரை குவியல் குவியலாக எழும்பி, காற்றில் பிய்ந்து வயலுக்குள் பறந்து, நாற்றம் மூக்கைத் துளைத்தால், மேலே எங்கோ ஆலைக் கழிவையும் சாக்கடையையும் ஆற்றில் விட்டிருக்கிறார்கள். மழையையும் அவர்கள் பார்க்கவில்லை, கழிவுக் குழாயையும் பார்க்கவில்லை. கண்முன் வந்த நீரைக் கொண்டு காணாத இடத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள்.

தமிழ் அளவை நூல் வழக்கில் இதற்குப் பெயர் எச்சம். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில், சமயக் கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, கண்டதைக் கொண்டு காணாததை ஊகிக்கும் கருத்தளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறான். கருமேகத்தைக் கண்டு மழை வரும் என்பது முதல். வெள்ளத்தைக் கண்டு ஆற்றின் தலைப்பகுதியில் மழை, அதாவது தலைமழை, பெய்தது என்பது எச்சம். வடமொழி நியாய நூலாரும் இதே ஆற்று வெள்ளத்தைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். உலகம் தோன்றியது, ஆகவே தோற்றுவித்த ஒருவன் உண்டு என்ற வாதமும் இந்த எச்ச வகையைச் சேர்ந்ததே. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் நம் மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழக்காடியிருக்கின்றன.

அந்த வழக்கின் தலையாய தமிழ் ஆவணம் இதே ஆற்றுப் படுகையில்தான் எழுந்தது. கெலவரப்பள்ளியை விட்டு இறங்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவலூர் எல்லாம் கடந்து திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் அருளியது அந்த ஊரில். சான்று கேட்பதில் அந்த ஊருக்கு ஒரு பழம்பெருமையும் உண்டு. சுந்தரரைத் தன் அடிமை என்று சொல்லிக்கொண்டு கிழவேதியராக இறைவனே வந்து நின்றபோது, அவ்வூர்ச் சபையார் எழுந்து கும்பிடவில்லை. அனுபவ ஆட்சி உண்டா, ஆவணம் உண்டா, அயலார் சாட்சி உண்டா என்று கேட்டார்கள். மூல ஓலையை வாங்கி, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். சேக்கிழார் இந்தக் காட்சியை நீளமாகவே பாடியிருக்கிறார். பக்தி வேறு, வழக்கு வேறு என்ற தெளிவு அந்தச் சபைக்கு இருந்தது.

சிவஞானபோதமும் அந்தச் சபையின் கண்டிப்போடுதான் நடக்கிறது. சூத்திரம் பன்னிரண்டு, அடி நாற்பது. ஒவ்வொரு சூத்திரத்தையும் கூறுபோட்டு, கூறு ஒவ்வொன்றுக்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில் நிறுவிக்கொண்டு போகிறார் மெய்கண்டார். முதற் சூத்திரத்தில் படிகள் மூன்று. ஆண், பெண், அஃறிணை என்று சுட்டி அறியப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. உலகத்தின் ஒரு பகுதியில் நாம் நேரில் காணும் தோற்றமும் ஒடுக்கமும் முழுமைக்கும் பொருந்தும். இது முதற்படி. ஒடுங்கியது தானாக மீளாது. எவனிடத்தில் ஒடுங்கிற்றோ அவனிடமிருந்தே மீண்டும் தோன்றும். இது இரண்டாம் படி. எல்லாம் ஒடுங்கிய பின்னும் ஒடுங்காமல் நிற்பவன் எவனோ, அவனே முதல்வன். இது மூன்றாம் படி. படைக்கும் தொழிலை விட்டு அழிக்கும் தொழிலிலிருந்து கடவுளை நிறுவுவதுதான் சைவத்தின் தனி வழி. கடைசியில் மிஞ்சுபவன்தான் முதலிலும் இருந்திருக்க முடியும் என்பது அதன் கணக்கு.

இல்லாததிலிருந்து உலகம் வந்தது என்று சித்தாந்தம் சொல்லவே இல்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல் உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். மாயையும் அநாதி, உயிர்களும் அநாதி. உயிர்களைப் பற்றியுள்ள மலம் என்னும் அழுக்கு கழிய வேண்டும் என்பதற்காகவே உலகம் மீண்டும் மீண்டும் தோற்றுவிக்கப்படுகிறது. காலத்தில் ஒரே ஒரு தொடக்கம் என்பது இங்கே இல்லை. பின்னால் பெருவெடிப்பைப் பற்றிப் பேசும்போது இது வேண்டியிருக்கும்.

திருக்குறளின் முதற் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகரும் இந்த வழியில்தான் போகிறார். காணப்படும் உலகைக் கொண்டே காணப்படாத கடவுளின் உண்மையைச் சொல்ல வேண்டியிருப்பதால், வள்ளுவர் கூற்றை உலகின் மேல் வைத்தார் என்பது அவர் விளக்கம். அதே குறளின் ஆதிபகவன் தங்கள் ஆதிநாதரான இடபதேவரே என்று சமணர் சொல்வார்கள். படைத்தவன் என்று ஒருவனே தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. உலகப் பொருள்கள் அநாதி, மாற்றம் அவற்றின் இயல்பு, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு சாதாரணமானதல்ல. காட்சி ஒன்றே அளவை என்ற உலகாயதனை விட்டுவிடலாம். அவனுக்குக் கெலவரப்பள்ளி விவசாயி சொல்லும் மழையே கிடையாது. பௌத்தரின் கேள்வி கூர்மையானது. குடம் மண்ணால் ஆனது, குயவன் செய்தது. சரி. கறையான் புற்றும் மண்ணால் ஆனதுதானே, அதையும் குயவன் செய்தான் என்பாயா என்று கேட்டார் தருமகீர்த்தி. குடத்தைச் செய்பவனைப் பார்த்திருக்கிறோம். மலையைச் செய்பவனை யாரும் பார்த்ததில்லை. 'செய்யப்பட்டது' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஏது போலத் தோன்றி ஏதுவாகாமல் போவதை மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப்போலி என்று வகுத்துப் பேசுகிறது.

அதைவிட வியப்பு, வேதத்தை உயிராகக் கொண்ட மீமாஞ்சகர் சொன்னது. உலகம் இன்றிருப்பது போலல்லாமல் வேறு விதமாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது அவர்கள் நிலை. படைத்தவனுக்கு உடம்பு இருந்ததா, இருந்தால் அந்த உடம்பைச் செய்தது யார், என்ன தேவைக்காக இத்தனை துன்பத்தோடு படைத்தான் என்று 7ஆம் நூற்றாண்டிலேயே குமாரிலர் அடுக்கினார். நம் பகுத்தறிவாளர் மேடைகளில் கேட்ட கேள்விகளில் பாதி அவருடையவை. இவர்கள் எல்லாருக்கும் பதில் சொல்ல நியாயத்தின் தரப்பில் வந்தவர் உதயணர். அவருடைய நியாயகுசுமாஞ்சலியில் வரும் ஏதுக்களில் முதலாவதே 'காரியம் என்பதால்' என்பதுதான்.

கடவுளை நம்பியவர்களில் உதயணர் வழியை வெளிப்படையாக மறுத்தவர் இராமானுசர். ஸ்ரீபாஷ்யத்தில் பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு உரை செய்யும்போது, கருத்தளவையால் பிரம்மத்தை நிறுவ முடியாது என்று பிரித்துப் பிரித்துக் காட்டுகிறார். பூமியும் மலையும் கடலும் காரியங்களாகவே இருக்கட்டும். அவை ஒரே காலத்தில் ஒரே கர்த்தாவால் செய்யப்பட்டவை என்பதற்கு என்ன ஆதாரம்? காரியங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேரால் ஆவதைத்தானே காண்கிறோம்? பரம்பொருளை அறிய சாத்திரம் ஒன்றே வழி என்பது அவர் முடிவு.

ஓசூர்க்காரருக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. 1802இல் இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் பேலி, புல்வெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும் என்று ஊகிப்போமே, உலகத்துக்கும் அப்படியே என்று எழுதினார். உலகம் முழுதும் ஓடிய உவமை அது. டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை ஷிஃப்ட்டுக்குப் பஸ் ஏறிப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் பேலி கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். ஒரு கடிகாரத்தைச் செய்வது ஒருவனா? வரைந்தவர் ஒருவர், பற்சக்கரம் வெட்டியவர் ஒருவர், முள் பொருத்தியவர் ஒருவர், சோதித்து அனுப்பியவர் ஒருவர். கடிகாரத்தைக் கண்டு அறிவுள்ள காரணம் உண்டு என்று சொல்லலாம். அது ஒருவர்தான் என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் கிட்டத்தட்ட இதையே எழுதி, அது 1779இல் அச்சேறியது. இராமானுசர் அறுநூறு ஆண்டுக்கு மேல் முந்தியவர்.

மற்றச் சமயங்களிலும் இந்தப் பிளவு உண்டு. தொடக்கம் உள்ளதற்கெல்லாம் காரணம் உண்டு, உலகுக்குத் தொடக்கம் உண்டு என்று இசுலாமிய அறிஞர் கஸ்ஸாலி வாதிட்டார். கத்தோலிக்கத்தின் பேராசான் தோமா அக்குவினாசோ, உலகுக்குக் காலத்தில் தொடக்கம் உண்டென்பதை அறிவால் நிறுவ முடியாது, அது விசுவாசத்தால் கொள்வது என்றார். கடவுள் உண்மைக்கு அவர் காட்டிய வழிகள் அந்தத் தொடக்கத்தை நம்பி நிற்கவில்லை.

இனி, மலர்க் கட்டுரைகளில் தவறாமல் எட்டிப் பார்க்கும் பெருவெடிப்பு. விண்மீன் மண்டலங்கள் விலகிப் போவதை 1929இல் ஹப்பிள் காட்டினார். ஆதி வெப்பத்தின் எச்சக் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி 1965இல் வெளியானது. இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. இதுவும் எச்ச அளவைதான். நமக்குக் கிழக்கே ஜவ்வாது மலைக் காவலூர் ஆய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் விழுவது எப்போதோ புறப்பட்ட ஒளி. அதைக் கொண்டு தலைமழையைச் சொல்கிறார்கள்.

இதை வைத்து 'நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாகக் கொண்டாடியபோது சங்கடப்பட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் லமேத்ர். விரியும் பிரபஞ்சக் கோட்பாட்டின் மூலவர்களில் ஒருவரே அவர், கத்தோலிக்கப் பாதிரியாரும்கூட. தன் இயற்பியலைத் தன் விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க அவர் விரும்பவில்லை. நமக்கோ அந்தத் தேவையே இல்லை. பெருவெடிப்புக்கு முன் இன்னொரு சுருக்கம் இருந்தது என்று நாளை நிறுவினாலும், வானியலாளர்கள் ஹாயிலும் நம் நார்லிகரும் விடாமல் வாதிட்டது போலத் தொடக்கமே இல்லை என்று ஆனாலும், முதற் சூத்திரத்துக்கு நட்டம் குறைவு. அது கேட்பது, மாறும் பொருளுக்கு மாறாத நிலைக்களன் எது என்பதை.

'அப்படியானால் கடவுளைப் படைத்தவன் யார்?' என்ற கேள்விக்குச் சைவரிடம் பதில் உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று மெய்கண்டார் சொல்லவில்லை. தோன்றி ஒடுங்குவதற்குக் காரணம் உண்டு என்றார். நியாயமான பதில். ஆனால் சமணர் விடமாட்டார்: அநாதி என்ற சலுகையை உன் மாயைக்கும் உயிருக்கும் கொடுத்துவிட்டாய், உலகத்துக்கே கொடுத்தால் என்ன குறை? மாயை சடம், தானே இயங்காது என்று சித்தாந்தி சொல்வார். சடம் தன் இயல்பாலேயே இயங்கும் என்பார் சமணர். கருத்தளவை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதே என் தீர்ப்பு. நுரையைக் கண்டு கழிவு கலந்தது என்று உறுதியாகச் சொல்லும் விவசாயி, எந்த ஆலை என்று நுரையை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டார். உலகின் தோற்றம் ஒரு காரணத்தைக் காட்டும். அது ஒன்று, அறிவுடையது, அருளுடையது என்பதற்கு வேறு அளவை வேண்டும்.

மெய்கண்டார் மரபுக்கு இது தெரிந்தே இருந்தது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் கடவுளைத் தொடுமுன் அளவையைத் தொடுகிறார். பிறர் சொல்லும் பத்து அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். உரை என்னும் ஆகமமும், எட்டாம் சூத்திரம் சொல்லும் குருவருளும் இல்லாமல் முதற் சூத்திரம் மட்டும் ஒருவனைச் சைவனாக்கும் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை.

சித்தியாரின் பரபக்கம் உலகாயதர் முதல் பாஞ்சராத்திரிகள் வரை பதினான்கு தரப்பை நிறுத்திப் பேசவிட்டு மறுக்கிறது. நம் சித்தாந்த வகுப்புகளில் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிட்டுச் சுபக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஓசூர் வட்டாரத்தில் வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு மணிமேகலையின் 27ஆம் காதையையும் பரபக்கத்தையும் முதலில் வையுங்கள். பிள்ளைகள் எதிர்த்தரப்பைக் கேட்டுவிட்டு முதற் சூத்திரத்துக்கு வரட்டும்.