கடல் கடந்த அரிவாள்மணை

பிழைக்கப் போன இடத்தில் சௌக்கியமாக இருக்கிறவனுக்குத்தான் குற்ற உணர்ச்சி வருகிறது. பசி விரட்டிப் போனவனுக்கு அதற்கு அவகாசமில்லை. புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் காட்டும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி ஜனங்களுக்கு அந்த ஆடம்பரம் கிடையாது. குடிபெயர்ந்தவர்களைப் பற்றி இன்று ஆங்கிலத்தில் வரும் சிறுகதைகளில் இந்த உணர்ச்சி இவ்வளவு இடம் பிடித்துக்கொண்டிருப்பதற்கு, எழுதுகிறவர்களும் எழுதப்படுகிறவர்களும் பெரும்பாலும் நடுத்தர வகுப்பார் என்பதே காரணம். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் அதைப் பாத்திரத்தின் வாயில் பிரசங்கமாக வைத்துவிட்டால் கதை போயிற்று.

ஜும்பா லாஹிரி அப்படி வைப்பதில்லை. 1967-ல் லண்டனில் வங்காளிப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஒன்பது கதைகள் கொண்ட அவருடைய முதல் தொகுதி ‘இன்டர்பிரட்டர் ஆஃப் மாலடீஸ்’ 1999-ல் வெளிவந்து, மறு வருஷமே புலிட்சர் பரிசு பெற்றது. (பிற்பாடு இந்த அம்மாள் ரோமாபுரிக்குக் குடிபோய் இத்தாலிய மொழியிலேயே எழுதத் தொடங்கியது வேறு விசித்திரம்!)

அதில் ஒரு கதை 1971-ல் நடக்கிறது. டாக்காவில் மனைவியையும் ஏழு பெண்களையும் விட்டு வந்த பீர்ஜாதா என்ற தாவர சாஸ்திர ஆசிரியர், அமெரிக்காவில் ஓர் இந்தியர் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறார். டாக்கா நேரம் காட்டும் கடிகாரத்தை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். வீட்டுப் பெண் லிலியாவுக்கு வயது பத்து. அவர் கொடுத்த மிட்டாய்களைப் பாட்டியின் சந்தனப் பெட்டியில் வைத்திருக்கிறாள். சும்மா தின்ன மனம் வரவில்லை. ஒன்றை வாயில் ஊறவைத்துக்கொண்டு, அந்த ஏழு பெண்களுக்காகப் பிரார்த்திக்கிறாள். போர் முடிந்து, எல்லாரும் பிழைத்த செய்தி வந்ததும், மிச்ச மிட்டாயை எறிந்துவிடுகிறாள். நோன்பு தீர்ந்தது.

தொகுதியின் கடைசிக் கதையைப் பலர் புகழ்கிறார்கள். 1969-ல் மனிதன் நிலாவில் இறங்கிய சமயம் பாஸ்டனுக்கு வந்து சேருகிற ஒருவன், நூற்றுமூன்று வயதுக் கிழவியின் வீட்டில் குடியிருக்கிறான். கிழவி அருமையான சிருஷ்டி. ஆனால் வீடு, மனைவி, ஹார்வர்டில் படிக்கும் பிள்ளை என்று வருஷக் கடைசிக் கணக்குப்போல எல்லாம் நேராகிவிடுவது எனக்கு உறுத்துகிறது.

உறுத்தாத கதை மிஸஸ் சென்னைப் பற்றியது. கணவர் சர்வகலாசாலையில் கணிதம் போதிக்கிறார். அவளோ பள்ளிக்கூடம் விட்டு வரும் பதினொரு வயது அமெரிக்கப் பையன் ஒருவனைக் கூலிக்குப் பார்த்துக்கொள்கிறாள். தரையில் பத்திரிகைக் காகிதம் விரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மணையில் காய் நறுக்குகிறாள். ஆங்கிலத்தில் அந்தச் சாமானை ஆசிரியை பல வரிகளில் வர்ணிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரு சொல் போதும். கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரவர் அரிவாள்மணையோடு வந்து, மாடியில் வட்டமாக உட்கார்ந்து, இரவெல்லாம் வம்பளந்தபடி நறுக்குவார்கள் என்று பையனுக்குச் சொல்கிறாள். இங்கே நான் அலறினால் யாராவது வருவார்களா என்று அவனையே கேட்கிறாள்.

ஊரில் இருக்கிறவர்கள் அவள் ராணி மாதிரி வாழ்வதாக நினைக்கிறார்கள். அவர்களுக்கு என்னவென்று எழுதுவது? கிடைத்த பாக்கியத்தை அனுபவிக்கத் தெரியவில்லையே என்பதுதான் அவள் குற்றம். ஊரை விட்டு வந்ததற்காக வருந்தும் கதைகள் எத்தனையோ உண்டு. இந்த நுட்பம் அவற்றில் அபூர்வம்.

அவள் ஆசைப்படுவது ஒரு முழு மீன். கடலோரக் கடைக்குப் போய் வாங்கக் காரோட்டத் தெரிய வேண்டும்; அவளுக்கோ பயம். ஒரு நாள் பையனை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போய்க் கம்பத்தில் மோதிவிடுகிறாள். பெரிய காயமில்லை. கணவர் பையனின் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த மாதப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். அவள் படுத்து ஓய்வெடுப்பதாகச் சொல்கிறார். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் அழுவது பையன் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் ஆசிரியை அந்த அறைக்குள் நுழையவில்லை.