குழந்தைத் துயிலும் கடிகாரமும்

குழந்தைகளின் துயிலைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்வது அரிய பணி. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், 493 குழந்தைகளைப் பதினாறு வயதுவரை பின்தொடர்ந்து அறிஞர்கள் கணக்கெடுத்தனர். 2003இல் வெளிவந்த அக்கணக்கு, ஒரே வயதுக் குழந்தைகளுக்குள்ளும் உறக்க அளவு பெரிதும் வேறுபடுவது இயல்பே என்று காட்டிற்று. 'இத்தனை மணி நேரம் உறங்கியே தீரவேண்டும்' என்று பெற்றோரை அச்சுறுத்துவோர்க்கு இது தக்க மறுப்பாகும்.

ஆயினும் இத்துறையில் ஒரு குறையுண்டு. 2010இல் ஜோடி மிண்டெல் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, மலேசியா உட்படப் பதினேழு நாடுகளிலும் நிலப்பகுதிகளிலும் மூன்று வயதுக்குட்பட்ட 29,287 குழந்தைகளைப் பற்றியது. ஆசியக் குழந்தைகள் பிந்தித் துயில்கின்றனர், குறைவாகத் துயில்கின்றனர், பெற்றோரின் அறையிலேயே துயில்கின்றனர் என்பது அதன் முடிபு. இது தொடர் ஆய்வன்று. இணையவழி ஒருமுறை கேட்டறிந்த செய்தியே. இணையத்தை அணுகாத இல்லங்களின் இரவு இக்கணக்கில் ஏறுவது எவ்வாறு?

பிரிஞ்சாங்கை எண்ணிப் பார்ப்போம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இரவு குளிர் மிகுதி. தேயிலைத் தோட்டத்து லயத்தில் குழந்தை தாயை ஒட்டிப் படுப்பது குளிருக்குக் காப்பு. அதனைச் சிக்கலென்று எழுதுதல் பொருந்தாது. சிக்கல் விடியலில் இருக்கிறது. 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்தள்ளப்பட்டது. அதனால் கதிரவன் எழுவது ஏழு மணியளவில். பள்ளிகள் பல தொடங்குவது ஏழரை மணியளவில். தாய் பெரட்டுக்கும் பிள்ளை பள்ளிக்கும் புறப்பட, வீடே இருளில் எழவேண்டியிருக்கிறது. குறைந்த துயிலுக்குக் காரணம் குழந்தையின் உடலா, ஊரின் கடிகாரமா என்று பிரித்தறியாத கணக்கு, பழியைத் தாயின் மேல் ஏற்றிவிடும்.

சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வு, சீன, மலாய், இந்தியக் குழந்தைகளைக் கருவிலிருந்தே தொடர்ந்து வருகிறது, துயிலையும் ஆராய்கிறது. நம் வட்டாரக் குழந்தைகளை நீண்டகாலம் நோக்குவது போற்றத்தக்கது. எனினும் அது நகரத்துக் கணக்கு. மலைத்தோட்டத்திற்கும் அத்தகைய ஆய்வு வேண்டும். 'குழந்தை எப்போது உறங்கிற்று?' என்பதோடு, 'அதனை எழுப்பியது எது?' என்றும் அது கேட்டல் வேண்டும். பள்ளி மணியை மாற்றுவதா, தாய்க்கு அறிவுரை கூறுவதா என்பது அவ்விடையைப் பொறுத்ததாகும்.