சங்கிலிக்கு முன் மண்வெட்டி

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு கோவிலூர்ப் பக்கம் கண்மாய் உள்வாயில் வண்டியை இறக்கியவர்களுக்கு இது தெரியும். கரைமேல் செம்மண் தாங்கும். உள்வாய்க் கரம்பை தாங்காது. மேலே வெடித்துக் காய்ந்தது போலிருக்கும், அடியில் களி. ஜீப்போ தாரோ, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் என்று நம்பி இறங்கினால் ஆக்சில்வரை புதைந்துவிடும். உடனே எல்லோரும் சொல்வது, "டிராக்டரைக் கூப்பிடு". சங்கிலியை பம்பரில் மாட்டிச் சுண்டி இழுப்பார்கள். பெரும்பாலும் வண்டி வந்துவிடும். வந்துவிடுவதாலேயே அந்த முறையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஃபோர் வீல் டிரைவ் மீதான நம்பிக்கையை முதலில் எடைபோடுவோம். எஞ்சின் எவ்வளவு விசை கொடுத்தாலும், மண் பிடிமானம் கொடுக்கும் அளவுதான் சக்கரம் தள்ளும். சாதாரண டிஃபரென்ஷியல் ஓர் ஆக்சிலின் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான திருப்புவிசையே தரும்; ஆகவே வழுக்குகிற சக்கரம்தான் இரண்டுக்கும் எல்லை. டிஃபரென்ஷியலைப் பூட்டும் லாக் இருந்தால் அந்தக் குறை தீரும். ஆனால் வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்த பிறகு எடை சக்கரத்தை விட்டு அடிச்சட்டத்துக்குப் போய்விடுகிறது. அப்போது லாக்கும் உதவாது, லோ கியரும் உதவாது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமாகும்.

டயர்க் காற்றைக் குறைப்பதைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். கணக்குப் போட்டால் அதன் மதிப்பு புரியும். 1,700 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்தின் பங்கு சுமார் 425 கிலோ. 30 பி.எஸ்.ஐ. காற்றில் அது மண்ணைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ.; 15-க்குக் குறைத்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். டயரின் விறைப்பால் உண்மை அளவு கொஞ்சம் மாறும், திசை மாறாது. 1920-களின் இறுதியில் லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டிய ரால்ப் பாக்னால்ட் செய்ததும் இதுதான்: காற்றைக் குறைத்தார், சக்கரத்தடியில் இரும்புத் தகடுகளை வைத்தார். நம் மாட்டுவண்டிக்காரர்கள் வைக்கோலும் மட்டையும் போட்டதில் இருக்கும் அறிவும் அதே. கண்மாயில் கைக்கு எட்டுவது சீமைக்கருவேலக் கிளை. அதன் முள் டயரைக் குத்தும். பனைமட்டையின் கருக்கு, காற்றுக் குறைந்து பிதுங்கிய பக்கச்சுவரைக் கிழிக்கும். தென்னைமட்டைதான் சரி.

சங்கிலிக்கு வருகிறேன். அது நீளாது. சுண்டும்போது விசை முழுதும் ஒரு நொடிக்குள் கொக்கியில் இறங்கும். பம்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல; கழன்று தெறித்தால் ஆளைக் கொல்லும். நீண்டு கொடுக்கும் நைலான் கயிறு மெல்ல இழுக்கும், ஆனால் அறுந்தால் அதுவும் ஆபத்துதான். களி உறிஞ்சிப் பிடித்திருப்பதையும் மறக்கக் கூடாது. வயிற்றுக்கு அடியிலும் சக்கரத்துக்கு முன்னும் அரைமணி நேரம் வெட்டியெடுத்தால், இழுக்கத் தேவையான விசை வெகுவாகக் குறையும்.

மணாலிப் பனியில் சிக்கினாலும் வரிசை இதுவே: இழுப்பதற்கு முன் தோண்டுவது. சுழலும் சக்கரம் அங்கே பனியை உருக்கி வழுக்குப் பாறையாக்கிவிடும். புகைக்குழாயை மூடிய பனியை முதலில் அகற்ற வேண்டும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் பனியில் சிக்கிய வண்டிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வண்டிக்குள் புகுந்த புகையின் கார்பன் மோனாக்சைடும் ஒரு காரணம்.

புறநானூறு காட்டும் உமணர், உப்பு வண்டிக்கு அடியில் சேம அச்சை, அதாவது மாற்று அச்சை, கட்டிக்கொண்டுதான் புறப்பட்டார்கள். இன்றைய வண்டியில் அந்த இடம் மண்வெட்டிக்கும் காற்றடிக்கும் பம்புக்கும் உரியது. என் முடிவு: தோண்டு, காற்றைக் குறை, மட்டை போடு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடு. அதன் பிறகும் வராவிட்டால் டிராக்டர். கண்மாயில் நீர் ஏறிக்கொண்டிருந்தால் மட்டும் டிராக்டரே முதலில். அப்போதும் சட்டத்தோடு பொருத்திய இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.