டக்கோட்டாவின் ஏழும் ஏழும்

வடுகபட்டிச் சந்தையில் பூண்டு பார்த்துப் பழகியவர்களுக்கு ரேடியல் எஞ்சின் உடனே பிடிபடும். நடுத்தண்டைச் சுற்றிப் பற்கள் நிற்பதுபோல, நடுவில் கிராங்க் தண்டு, சுற்றிலும் சிலிண்டர்கள். டக்கோட்டா விமானத்துக்கு இறக்கைக்கு ஒன்றாக இருந்த பிராட் அண்ட் விட்னி ‘ட்வின் வாஸ்ப்’ இந்த வகைதான். ஏழேழாக இரண்டு வரிசை, 14 சிலிண்டர்கள், சுமார் 1,200 குதிரைத்திறன். குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், எதிர்க்காற்றே போதும்.

ஏன் ஏழு? நான் சொக்கிப்போவது இந்த இடத்தில்தான். நான்கு வீச்சு எஞ்சினில் தண்டு இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் ஒருமுறை வெடிக்கும். ஒற்றைப்படையாக இருப்பதால் ஒன்றுவிட்டு ஒன்று, 1, 3, 5, 7, 2, 4, 6 என்று சீரான இடைவெளியில் எல்லாவற்றுக்கும் முறை வரும். எவ்வளவு அழகான கணக்கு! வரிசைக்கு ஒரு தலைமைக் கம்பி மட்டும் தண்டைப் பிடித்திருக்கும். மற்ற ஆறும் அதில் தொற்றிக்கொண்டு ஆடும்.

நிறுத்திவைத்தால் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். அப்படியே முடுக்கினால் கம்பி வளைந்துவிடும். அதனால் முதலில் விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள்.

1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் படைவீரர்களை இறக்கியவை டக்கோட்டாக்களே. புதுப்பிக்கப்பட்ட ‘பரசுராமா’ என்ற டக்கோட்டா 2018-இல் பிரிட்டனிலிருந்து இந்த எஞ்சின்களின் பலத்திலேயே பறந்து இந்தியா வந்து சேர்ந்தது.